மூன்று விசில்

அரசாங்கம் வீட்டுக்கு நான்கு நெற்றிப்பட்டை இலவசமாகக் கொடுத்த வருடத்தில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. முதலமைச்சர் படம் போட்ட நீலப் பட்டை. அதை நெற்றியில் கட்டிக்கொண்டு டிவி பார்த்தால், திரையில் இருப்பவர் மனசில் ஓடுவது நமக்கும் ஒரு சிட்டிகை ஓடும் என்று கையேட்டில் எழுதியிருந்தது. முதல் ஆறு மாதம் சமையல் நிகழ்ச்சிகளுக்கு நல்ல காலம். பார்ப்பவர்களுக்கு நாக்கில் ருசி தட்டியது, வயிறு மட்டும் காலியாகவே இருந்தது. இவ்வளவு பொருத்தமான கருவியைத் தேர்தல் கூட்டத்துக்குப் பயன்படுத்தலாமே என்று மேலிடத்தில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே முத்துக்குடம் டிவி முந்திக்கொண்டு ‘இறக்கி வை’ நிகழ்ச்சியை ஆரம்பித்துவிட்டது.

ஞாயிறு காலை பதினோரு மணி, நேரலை. போருக்குப் போய் மனசு உடைந்து திரும்பிய ஒருவரை அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைப்பார்கள். அவர் பயத்தை இயந்திரம் உறிஞ்சும். உறிஞ்சியதை எழுபது லட்சம் நேயர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும். அவர் எழுந்து நடந்து போவார். நேயர்களுக்கு அரை நொடி வாய் உலரும், அவ்வளவுதான். அந்த வாய் உலர்வதை நம்பித்தான் தேன்மலை டீ விளம்பரதாரராக வந்து சேர்ந்தது.

வேலூர்ப் பக்கம் மேல்கரசூரில் இருந்த ரேணுகா இந்த நிகழ்ச்சிக்கு விண்ணப்பம் போட்டது தேசபக்தியால் அல்ல. அவளுக்குத் தன் வீட்டில் ஒரே ஒரு தடவை குக்கர் மூன்று விசில் அடிக்க வேண்டும். ஏழு வருடமாக அதுதான் அவள் ஆசை.

அவள் கணவன் கோதண்டம், ராணுவத்தில் நாயக் பதவியிலிருந்து ஓய்வுபெற்றவன். எல்லையில் மலைமேல் பதினெட்டு நாள் போர் ஒன்று நடந்ததே, இரண்டு நாடுகளும் தாங்களே ஜெயித்ததாக அறிவித்து இனிப்பு வழங்கினவே, அந்தப் போருக்குப் போய்வந்தவன். திரும்பியபோது ஒரு பதக்கம் கொடுத்தார்கள். மூன்று நாள் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குமேல் ஒரு நாடு என்னதான் செய்ய முடியும்? மிச்சத்தை ரேணுகாவிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

அந்த மிச்சத்தோடு குடும்பம் நடத்த அவள் தானாகவே சில சட்டங்கள் போட்டுக்கொண்டாள். அவன் இருக்கும் அறைக்குள் நுழையுமுன் வாசலிலேயே ஒருமுறை இருமிவிட வேண்டும். பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, சுற்றிக்கொண்டு முன்னால் வந்துதான் பேச வேண்டும். மின்விசிறி கிடையாது. மிக்ஸி நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டது, சட்னி அம்மியில். தீபாவளிக்கு முந்தின நாள் இருவரும் ஹவுரா போகும் ரயிலில் ஏறிவிடுவார்கள். ஓடுகிற ரயிலில் யாரும் வெடி வைப்பதில்லை. ஏழு தீபாவளியும் ஒரிசாவைத் தாண்டுகையில் பெட்டிக்குள் உட்கார்ந்து டப்பாவில் கொண்டுவந்த அதிரசத்தைத் தின்றதோடு முடிந்துபோயின.

எல்லாவற்றிலும் பெரிய சட்டம் குக்கருக்கு. ஆவி சீற ஆரம்பிக்கும், வெயிட் இலேசாக ஆடும். அந்தக் கணத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். சீற்றம் அடங்கியபின் மறுபடி ஏற்ற வேண்டும். இப்படி ஐந்து தடவை அணைத்து அணைத்து ஏற்றினால் பருப்பு முக்கால்வாசி வேகும். கோதண்டம் அதைப் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவான். பருப்பு வேகாததுகூடத் தெரியாத நிலையில் மனுஷன் இருக்கிறானே என்று ரேணுகா நினைத்துக்கொள்வாள்.

விசிலுக்கும் அவனுக்கும் என்ன பகை என்று அவன் சொன்னதில்லை. தூக்கத்தில் மட்டும் ‘ஒன்னு’ என்பான். கொஞ்சம் பொறுத்து ‘ரெண்டு’ என்பான். அப்புறம் எழுந்து கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். அவன் மூன்று சொல்லிவிடக் கூடாதே என்று அவளும் பக்கத்தில் படுத்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணுவாள்.

தேர்வாகிவிட்டது என்று சொல்ல முத்துக்குடம் டிவியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தயாரிப்பாளர் ஷ்ரவண் வந்ததும் வராததுமாகச் சுவர்களைத் தடவிப் பார்த்தான்.

“பெயிண்ட் உரிஞ்ச இடம் ஏதாவது இருக்குங்களா மேடம்? வீடு ரொம்ப நல்லா இருக்கு. நேயர்களுக்கு ஒட்டாது.”

“மாட்டுக் கொட்டாய்ல உரிஞ்சிருக்கு” என்றாள் ரேணுகா.

அவன் சந்தோஷமாக கேமராவோடு கொட்டகைக்குப் போனான். கூட வந்தவள் டாக்டர் முபீனா, மூளை நரம்பு படித்தவள், ஆம்பூர்க்காரி. அந்த இயந்திரத்தை உருவாக்கியவர்களில் ஒருத்தி. அவள் சுவரைப் பார்க்கவில்லை. ரேணுகா டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைக்கிற விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எடுத்த பயம் எங்க போவும் டாக்டரம்மா?”

“அழிக்க முடியாதுங்க. பிரிச்சுக் கொடுக்கத்தான் முடியும். ஒருத்தர் தலையில இருந்தா மலை. எழுபது லட்சம் பேருக்குப் போட்டா தூசி.”

ரேணுகா கொஞ்சம் யோசித்தாள். “உப்பு மொளகா சுத்தி முச்சந்தியில போடறாப்பல.”

முபீனா சிரித்துவிட்டாள். “இத நானும் மேடையில அப்படியே சொல்லலாம் போல இருக்கே. ஆமா, அதேதான்.”

“அத மிதிக்கிறவங்களுக்கு ஆவாதுன்னு சொல்வாங்களே.”

“ஒருத்தர் மிதிச்சாத்தான் ஆகாது. ஊரே மிதிச்சா ஒன்னும் பண்ணாது. பட்டை கட்டியிருக்கறவங்க மனசுல கொஞ்சம் இடம் இருந்தா போதும்.”

“பயத்தோட சேத்து வேற எதயாவது எடுத்துடுவீங்களா? எங்க வீட்டுக்காரரு பாதி ஆளாத்தான் திரும்பி வந்தாரு. இருக்கற பாதியும் போயிடப் போவுது.”

“பயம் மட்டும்தான் போகும். நடந்தது எல்லாம் ஞாபகத்துல இருக்கும். துக்கமும் இருக்கும். அது இருக்கணும்ங்க.”

ரேணுகாவுக்கு அது நியாயமாகப் பட்டது. கோதண்டம் கையெழுத்துப் போட்டான். எதற்கு என்று கேட்கவில்லை. ரேணுகா முன்னால் வந்து நின்று சொன்னால் அவன் எதற்கும் சரி என்பான்.

சென்னைக்கு வெளியே இருந்தது ஸ்டூடியோ. கைதட்டுவதற்கென்றே இருநூறு பேரை வேனில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். முந்தின நாள் பாட்டுப் போட்டிக்கும் இவர்கள்தான் கண்கலங்கியவர்கள். கோதண்டத்துக்குப் பழைய சீருடையை மாட்டினார்கள். பொத்தான் போடமுடியாமல் முதுகில் கிழித்து ஊசி குத்தினார்கள். வீரனின் முதுகை கேமரா காட்டாது என்றார்கள்.

ரேணுகாவை முதல் வரிசை நடுவில் உட்கார வைத்து, பட்டை கட்டிவிட்டார்கள். கட்டியதும் அதில் பட்டாணி அளவு சிவப்பு விளக்கு எரிந்தது. ஒப்பனை செய்யும் பெண் அதைத் தட்டிப் பார்த்தாள். அணையவில்லை.

“எல்லாருக்கும் பச்சை எரியுது, உங்களுக்கு மட்டும் செவப்பு எரியுதேக்கா. இலவசப் பட்டைன்னா இப்படித்தான்” என்று சொல்லி, தன் பையிலிருந்து பெரிய ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து விளக்கின்மேல் ஒட்டிவிட்டாள். பார்க்க லட்சணமாக இருந்தது.

தொகுப்பாளர் அபிநவ் வந்தான். அவனுக்கு இடது கண்ணில் மட்டும் கண்ணீர் வரும், கேமரா அந்தப் பக்கம்தான் நிற்கும். “கோதண்டம் சார், நாங்க எழுபது லட்சம் பேர் உங்க பக்கத்துல உக்காந்திருக்கோம். இறக்கி வைங்க சார்” என்றான். இருநூறு பேரும் கைதட்டினார்கள்.

தலையில் கம்பி வலை மாட்டிய கோதண்டம் பேச ஆரம்பித்தான். ஏழு வருடத்தில் அவன் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி ரேணுகா கேட்டதில்லை.

“எதிரியோட குட்டி விமானம். வண்டுன்னு சொல்வோம். சத்தம் கேட்டா குண்டோட அந்தச் சத்தத்துக்கே வந்து எறங்கும். அதனால மூச்சு சத்தம்கூட வராம படுத்திருப்போம். பன்னெண்டாவது நாளு வண்டு வரல. போயிடுச்சுன்னு நெனச்சோம். மூணு நாளா பிஸ்கட்டுதான் எல்லாருக்கும். அந்த ஒயரத்துல குக்கர் இல்லாம ஒன்னும் வேகாது. நான்தான் பருப்பு போட்டேன். ஒரு விசில் வந்துச்சு. யாரும் ஒன்னும் சொல்லல. நான் தண்ணிக்குப் பனி அள்ளிக்கினு வரப் போனேன். ரெண்டாவது விசில் வந்துச்சு. திருப்பத்தூர் பையன் ஒருத்தன், ஜெயசீலன்னு பேரு, பங்கருக்குள்ள இருந்து சிரிச்சிக்கினே சொன்னான், இன்னும் ஒன்னு வந்தா சோறுன்னு. மூணாவது…”

“மூணாவது விசிலுக்கு என்ன ஆச்சு?” என்று அபிநவ் கேமரா பக்கம் திரும்பினான். “தேன்மலை டீ வழங்கும் ஒரு சின்ன இடைவேளைக்குப் பிறகு பார்க்கலாம்.”

கண்ணாடி அறைக்குள்ளிருந்து முபீனா ஓடி வந்தாள். “இப்ப எப்படிங்க இடைவேளை விடுவீங்க? இயந்திரம் இழுத்துக்கிட்டிருக்கு. இந்த நேரத்துல எல்லாரும் பட்டையைக் கழட்டிட்டு எந்திரிச்சுப் போயிடுவாங்க.”

“மூணாவது விசிலுக்கு முன்னாடி விடாம வேற எப்ப மேடம் விடறது?” என்றான் ஷ்ரவண். தமிழ் டிவியில் அதற்கு யாரிடமும் பதில் கிடையாது.

தமிழ்நாடு முழுக்க எழுபது லட்சம் பேர் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்படிக்கும் கழிவறைக்கும் போனார்கள். ஸ்டூடியோவில் பிரியாணி பொட்டலம் வந்தது. கைதட்டும் இருநூறு பேரும் பட்டையைக் கழற்றிவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ரேணுகாவை மட்டும் “நீங்க அசையாதீங்க மேடம், அடுத்த ஷாட் உங்க முகத்துலதான்” என்று சொல்லி வைத்திருந்தார்கள். நான்கு நிமிடம் அந்த மாநிலத்திலேயே பட்டை கட்டியிருந்தவள் அவள் ஒருத்திதான். நாற்காலியில் கண்மூடிக் கிடந்த கணவனைப் பார்த்துக்கொண்டே அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

இடைவேளை முடிந்தது. மூன்றாவது விசில் வந்தது, வண்டுகள் வந்தன, பதினோரு பேர் செத்தார்கள். நாடெங்கும் வாய் உலர்ந்தது, டீ விற்றது. கோதண்டம் எழுந்து நின்று, “தலை லேசா இருக்கு” என்றான். பின்னால் யாரோ நாற்காலியைத் தள்ளிச் சாய்த்தார்கள், அது சோதனையாம். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரேணுகா வெட்கத்தை விட்டு அத்தனை பேர் நடுவில் அழுதாள். அந்த அழுகைக்குத்தான் அன்றைக்கு அதிகக் கைதட்டல்.

ஊருக்குத் திரும்பிய முதல் நாளே கோதண்டம் தன் உடன்பிறந்தாள் வீட்டுக்குப் போய் மிக்ஸியைத் தோளில் வைத்து வாங்கி வந்தான். மின்விசிறியைத் துடைத்து ஓடவிட்டான். ராத்திரி முழுக்கக் கட்டிலின் மேலேயே தூங்கினான். கண்ணை மூடினால் பதினோரு முகமும் தெரிகிறது, ஆனால் ஓடத் தோன்றவில்லை, அழத்தான் தோன்றுகிறது என்று அவளிடம் சொன்னான். அவனுக்கு முன்னால் உட்கார்ந்து அவளும் சேர்ந்து அழுதாள். இவ்வளவு நாளைக்குப் பிறகு அது ஒரு நல்ல காரியமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் ரேணுகா குக்கரைத் தேய்த்துக் கழுவினாள். துவரம்பருப்பு போட்டாள். மஞ்சளும் இரண்டு சொட்டு எண்ணெயும் விட்டாள். “இன்னிக்கு மூணு விசில் வுடப் போறேங்க” என்று கூடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“முப்பது வேணா வுடு” என்றான் அவன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஆவி சீறியது. வெயிட் ஆடியது. அவள் கை தானாக அடுப்புப் பக்கம் போயிற்று. சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொண்டாள். விசில் அடித்தது.

அப்புறம் நடந்தது அவளுக்குத் தெரியாது. கரண்டி எடுக்கப் போனோம் என்றுதான் நினைத்தாள். கண் திறந்தபோது முகத்துக்கு மேலே கட்டிலின் நைலான் நாடா தெரிந்தது. கையில் கரண்டி இருந்தது. யாரோ பக்கத்தில் “ஒன்னு” என்றார்கள். இரண்டாவது விசில் கேட்டது. “ரெண்டு” என்றார்கள். அது தன் வாய்தான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கோதண்டத்தின் கால்கள் சமையலறைக்கு ஓடின. மூன்றாவது விசில் வரவில்லை.

செய்தி போனதும் முத்துக்குடம் டிவி பதறியடித்துக்கொண்டு வந்தது. ஷ்ரவண் கூடவே ஒரு வக்கீலையும், ஒரு அட்டைப்பெட்டி தேன்மலை டீயையும் கொண்டுவந்தான். இடைவேளையில் எழுபது லட்சம் பேர் பங்கும் இந்த ஒருத்தி தலையில் கொட்டிவிட்டது என்பதுதான் எல்லார் நினைப்பும். கோதண்டமும் அப்படித்தான் நினைத்தான். “எனக்கே திருப்பிக் குடுத்துடுங்க டாக்டரம்மா. எனக்குப் பழக்கம்தான்” என்று முபீனாவிடம் கெஞ்சினான்.

முபீனா மடியில் இருந்த கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதிவேட்டை இரண்டு முறை மேலும் கீழும் நகர்த்தினாள்.

“வாங்கிக்க ஆள் இல்லைன்னா பயம் இயந்திரத்துத் தொட்டியிலயே நிக்கும் சார். நின்னிருக்கு. இடைவேளை முடிஞ்சு ஜனங்க பட்டையைக் கட்டினதும் போயிடுச்சு. உங்க மனைவி பட்டையில ஒரு துளிகூட ஏறல.”

“அப்ப எங்க மேல தப்பில்ல” என்றார் வக்கீல். டீப் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்பதுபோல ஷ்ரவண் அதைப் பார்த்தான்.

“அப்ப இவளுக்கு இன்னா ஆச்சு?” என்றான் கோதண்டம்.

“பட்டை திருப்பி அனுப்பிச்சிருக்கு. மனசு ஏற்கெனவே நிறைஞ்சிருக்கு, இடமில்லைன்னு காட்டியிருக்கு. நிகழ்ச்சி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, கட்டின உடனே காட்டியிருக்கு.” முபீனா தலையைத் தூக்கினாள். “சிவப்பு விளக்கு எரிஞ்சதா ரேணுகாம்மா?”

“எரிஞ்சுது. பொட்டு ஒட்டினாங்க.”

மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ரேணுகா காலையிலிருந்து அந்தச் சத்தத்தைத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தாள் என்பது கோதண்டத்துக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்துபோய் அதை அணைத்தான்.

“அவங்களையும் அந்த நாற்காலியில உக்கார வெச்சிடலாம்” என்றாள் முபீனா.

ஷ்ரவண் விண்ணப்பப் படிவத்தை எடுத்துக் காட்டினான். முதல் கேள்வி, பங்கேற்ற போர். இரண்டாவது, படைப்பிரிவு. மூன்றாவது, களத்தில் இருந்த நாட்கள்.

“பதினெட்டு நாள் போருதான், எழுதிக்கோங்க” என்றாள் ரேணுகா. “இங்க ஏழு வருஷம் நடந்துச்சு.”

“மேடம், நீங்க போருக்குப் போயிருக்கணும். அது ரூல். மீறி எடுத்தாலும் திரையில என்னத்தக் காட்டறது? மலை இல்ல, பனி இல்ல, குண்டு இல்ல. ஒரு அம்மா சமையக்கட்டுல நின்னு அடுப்ப அணைக்கறாங்க. அதுக்கு விளம்பரம் தர மாட்டாங்க மேடம்.”

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. முபீனா தான் மேலே எழுதிப் பார்ப்பதாகச் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு நம்பிக்கை இல்லை என்பது தெரிந்தது. எல்லோரும் கிளம்பினார்கள். நல்ல மனசோடு டீப் பெட்டியை விட்டுவிட்டுப் போனார்கள்.

ரேணுகா கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. அவன் குணமாகிவிட்டான், இனி இந்த வீட்டில் பயந்தவள் அவள் ஒருத்திதான் என்பது அவளுக்குத் தாங்க முடியாத அவமானமாக இருந்தது. போருக்கே போகாமல் தோற்றுப்போன ஆள் அவள். கோதண்டம் எழுந்து சமையலறைக்குப் போனான்.

பாத்திரம் உருளும் சத்தம் எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஆவி சீறத் தொடங்கியது. அவள் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். வெயிட் ஆடியது.

சீற்றம் சட்டென்று அடங்கிப்போயிற்று. அடுப்பை அணைக்கும் மெல்லிய ‘டக்’ கேட்டது. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி ஏற்றும் ஓசை. மறுபடி சீற்றம், மறுபடி ‘டக்’. அவள் விரல்விட்டு எண்ணினாள். ஐந்து தடவை.

கூடத்து வாசலில் ஒரு இருமல் கேட்டது.

அவன் உள்ளே வந்தான். சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு அவள் முன்னால் வந்து, குந்தி உட்கார்ந்து, தட்டைத் தரையில் சத்தமில்லாமல் வைத்தான்.

“பருப்பு முக்காவாசிதான் வெந்திருக்கு” என்றான். “சாப்புடு.”

“உங்களுக்கு எப்படித் தெரியும், அஞ்சு தடவ அணைக்கணும்னு?”

“ஏழு வருஷமா கூடத்துல உக்காந்து நானும் எண்ணிக்கினுதானே இருந்தேன்” என்றான் கோதண்டம்.